மூஞ்சி இல்லாத பல்லவர்கள்

“ஒருத்தனுக்காச்சும் மூஞ்சி கீதா? ஒரே ஒருத்தனக் காட்டு, நான் வாய மூடிக்கினு போறேன்!”

“கத்தாத மதி. மூஞ்சி கடைசிலதான் வெப்பாங்க. கண்ணுதான் லாஸ்ட்டு கலரு.”

“அந்த லாஸ்ட்டு கலரு எப்பதான் வரும்? நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச குதிர அது. இன்னும் ரெண்டு காலு வெள்ளையா நிக்குது!”

“அது வெள்ள இல்ல. ப்ரைமரு.”

“யோவ், என் வாய்ல எதனா வந்துரப் போவுது!”

இத்தனையும் நடந்தது மாடியில். ஆனால் வல்லக்கோட்டைக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பும் இந்தத் தெருவில், ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தால் மூன்றாவது வீட்டில் அடுப்பை அணைப்பார்கள். மதிவதனியின் குரல் குக்கரைவிடக் கொஞ்சம் எடுப்பானது. வீட்டுக்கார அம்மாள் சரோஜா அந்நேரம் மாடிப்படிக் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு தடவை துடைத்த கைப்பிடிதான். துடைக்கத் துடைக்க ஒவ்வொரு படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தாள் என்பதைத் தவிர அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

சண்டைக்குக் காரணம் மதிவதனியின் தங்கை நிலா. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை செய்யாற்றிலிருந்து பெட்டியோடு வரப்போகிறாள். மாடியில் இருப்பதோ ஒரு ஹால், சமையலறை, இரண்டு அறை. அந்த இரண்டாவது அறையில் ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்தார்கள். நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். யாரும் சுண்டுவிரலுக்கு மேல் வளரவில்லை. யாருக்கும் மூஞ்சி இல்லை.

மதிவதனியின் கணவன் பகலவனுக்கு இந்தப் பொம்மைப் படைகள்தான் உலகம். குழந்தைகள் விளையாடுகிற சமாசாரம் என்று நினைத்துவிடக் கூடாது. வேலைக்குப் போகிற, மீசை வைத்த ஆண்கள் விளையாடுவது. மேஜைமேல் புல்வெளி, ஏரிக்கரை, பனைமரம் எல்லாம் செய்து வைப்பார்கள். இரண்டு பக்கமும் படையை நிறுத்துவார்கள். ஸ்கேல் வைத்து அளந்து அளந்து நகர்த்துவார்கள். அப்புறம் பகடையை உருட்டி யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று பார்த்துவிட்டு, அதைப் பற்றிச் சாயங்காலம்வரை வாதாடுவார்கள். இதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலைதான் பெயின்ட் அடிப்பது. ஒவ்வொரு ஆளுக்கும் தோல் நிறம், வேட்டி, முடி, ஈட்டி, கேடயம். எல்லாம் முடிந்தபின் ஊசிமுனையளவு கண்.

பகலவன் தூரிகையோடு உட்கார்ந்தால், ஒவ்வொரு ஆளையும் சோடா பாட்டில் மூடிமேல் ஒட்டி நிறுத்தித்தான் பிடித்துக்கொள்வான். கைபட்டால் பெயின்ட் கலைந்துவிடுமாம். அதற்காகக் கேன்டீனிலிருந்தும் கடைகளிலிருந்தும் மூடி பொறுக்கிக்கொண்டு வருவான். பை நிறைய மூடி படியேறுவதைப் பார்த்த சரோஜா, மாடிப் பையன் மொடாக்குடியன் என்று தன் புருஷனிடம் சொல்லி வைத்தாள். கன்னியப்பன் அதைக் கேட்டுத் துக்கப்பட்டதாகத் தெரியவில்லை. துணைக்கு ஒரு ஆள் கிடைத்த நம்பிக்கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு மேலே போனார். ஒரு மணி நேரம் பல்லவர் காலத்துக் குதிரைச் சேணம் எப்படியிருக்கும் என்று பகலவன் விளக்கியதைக் கேட்டுவிட்டு, தொங்கிய முகத்தோடு இறங்கி வந்தார்.

ஒரு படையோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. பகலவன் முதலில் ஆரம்பித்தது பல்லவர் படைதான். ஆனால் பல்லவர்கள் சும்மா நின்றால் ஆகுமா, எதிரி வேண்டுமே என்று சாளுக்கியர். கும்பெனியோடு ஹைதர் அலி மோதிய புள்ளலூர் பக்கம் ஒரு தரம் பைக்கில் போய்வந்த ஜோரில் அவருடைய குதிரைப்படை. அவர்களோடு ஒட்டகங்கள். ஒட்டகம் வந்தபின் அதை எதிர்க்க வெள்ளைக்காரக் கும்பெனியின் சிப்பாய்கள். நடுவில் யாரோ பெங்களூர்க்காரன் மலிவாகத் தள்ளிவிட்டான் என்று, பச்சைத்தோலும் கோரைப்பல்லுமாக ஒரு கூட்டம். அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று பகலவனுக்கே சரியாகத் தெரியாது. போதாததற்குக் கீழே இன்னொரு போர்ஷனில் வனமாமலை.

வனமாமலை நாங்குநேரிக்காரன். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் டூல்ரூம் வேலை. தனிக்கட்டை. பொம்மைகளை அச்செடுக்கும் மெஷின் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். பகலவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் டப்பா நிறையப் படை தயாராக இருக்கும். “டே, ஒரு ஆனைப்படைய எடுத்துப் பாக்கட்டுமா?” என்பான். வேண்டாம் என்று சொல்லும் நாக்கு பகலவனுக்கு இல்லை.

எல்லாம் சரி, ஏன் ஒன்றும் முடியவில்லை? சோம்பேறி என்று சரோஜா சொன்னாள். அது அபாண்டம். பகலவன் தினமும் உட்கார்ந்தான். கோளாறு அவன் வேலையில் இருந்தது. கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் இருப்பவன் அவன். அங்கே வெள்ளை அடிக்க ஆரம்பித்தால் வெள்ளையாக அடித்துத் தள்ளுவார்கள். நிறம் மாற்றவேண்டுமென்றால் பெயின்ட் பீய்ச்சும் துப்பாக்கியைக் கழுவவேண்டும், தின்னர் வீண், நேரம் வீண். ‘கலர் மாத்தினா நஷ்டம்’ என்பது அவன் எலும்பில் ஊறிப்போயிருந்தது. ஆகவே வீட்டிலும் காவி நிறத்தைத் திறந்தானானால் பல்லவர் குதிரைக்குக் காவி, சாளுக்கியர் குதிரைக்குக் காவி, ஒட்டகத்துக்குக் காவி, பனைமரத்து அடிக்குக் காவி, பச்சைத்தோல்காரன் செருப்புக்குக் காவி. தூரிகையை ஒரே ஒரு தரம் கழுவினோம் என்ற திருப்தியோடு எழுந்திருப்பான். வருஷம் ஓடியது. எல்லோரும் முக்கால்வாசி ஆனார்கள். யாரும் முழுசாகவில்லை.

மதிவதனி வேலை செய்வது செல்போன் கம்பெனியில், லைனின் கடைசியில், இன்ஸ்பெக்ஷனில். தினம் ஆயிரம் போனைப் புரட்டிப் பார்த்து, கீறல் இருந்தால் திருப்பி அனுப்புகிற வேலை.

“எங்க லைன்ல கேட்டத் தாண்டுனாதான் அது போனு. பாதில நிக்கறது பூராவும் குப்ப. இப்டி நிக்க வெச்சா எங்க சூப்பர்வைசர் கழுத்தப் புடிச்சித் தள்ளிருவாரு” என்றாள். கத்தி ஓய்ந்து, கட்டில் ஓரத்தில் இடம் தேடி உட்கார்ந்திருந்தாள். கட்டில்மேல் கும்பெனிச் சிப்பாய்கள் காய்ந்துகொண்டிருந்ததால் கால்வாசி உடம்புதான் உட்கார முடிந்தது.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடு மதி.”

“நிலா ஞாயித்துக்கெழம வரா.”

“எனக்கும் ஞாயித்துக்கெழமதான் தண்டலத்துல மேட்ச்சு.”

இதைச் சொல்லும்போது பகலவன் குரல் இறங்கிவிட்டது. படியில் இருந்த சரோஜாவுக்கே சரியாகக் கேட்கவில்லை.

தண்டலத்தில் ஒரு சின்ன பார்ட்டி ஹாலை எடுத்து, சென்னையிலிருந்தும் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி விளையாடுவார்கள். பூந்தமல்லியில் வங்கி மேனேஜராக இருக்கும் ரகுபதி அதற்குத் தலைவர் மாதிரி. அங்கே ஒரு சட்டம் உண்டு. முழுசாகப் பெயின்ட் அடிக்காத பொம்மை மேஜை ஏறக்கூடாது. கண் இல்லையென்றால்கூட இறக்கிவிடுவார்கள். பகலவன் போன தரமும் அதற்கு முந்தின தரங்களும் ஹாலுக்குப் போனான்; யார் யாரோ விளையாட, கீழே உருண்ட பகடையைக் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான். இத்தனைக்கும் வரலாறு பேசினால் அங்கே அவனை மிஞ்ச ஆளில்லை. இந்தத் தரம், நம் பக்கத்து மணிமங்கலத்திலேயே பல்லவர்களும் சாளுக்கியர்களும் மோதிக்கொண்டார்களே, அதையே ஆடலாம் என்று சொன்னது அவன்தான். எல்லோரும் சந்தோஷமாகச் சரி என்றார்கள். சாளுக்கியருக்கு, சொந்தப் படையோடு வனமாமலை. பல்லவருக்குப் பகலவன்.

“ரகுபதி சார் போன்ல கேட்டாரு, ‘படை ரெடியா, இல்ல வழக்கம்போல பகடை பொறுக்கத்தான் வர்றியா’ன்னு” என்றான் பகலவன். “இந்த வாட்டி முடிக்கலன்னா மேட்ச்சயே வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. ஒரு வாட்டியாவது அந்தச் சேர்ல ஒக்காரணும் மதி.”

மதிவதனி அவனைப் பார்த்தாள். அப்புறம் கட்டிலைப் பார்த்தாள். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது. ஆனால் அதை முகத்தில் காட்டாமல் இருக்கும் பயிற்சியும் இருந்தது.

“சரி, கேட்டுக்க. பல்லவரு மட்டும். வேற ஒருத்தனையும் நீ தொடக்கூடாது. ஞாயித்துக்கெழம காலைல எல்லாருக்கும் மூஞ்சி இருந்தா, நம்ம வூட்டு ஹால்ல ஜன்னலோர மேஜை ஒனக்கு. நான் கேக்கவே மாட்டேன். இல்லன்னா மொத்தமா மூட்ட கட்டிப் பரண்ல போட்ருவேன். தங்கச்சி சேலைய வெக்கறதுக்கு எடம் வோணும்.”

“தொட மாட்டேன்.”

“ஒன் கை கேக்காது. எனக்குத் தெரியும்.”

அன்றே அவள் பல்லவர்களைத் தவிர மற்ற எல்லோரையும் முறுக்குத் தட்டுகளில் அடுக்கி, படியிறங்கிக் கொண்டுபோய், “அக்கா, உங்க ஷோகேஸ்ல வெச்சிப் பூட்டுங்க” என்று சரோஜாவிடம் ஒப்படைத்துவிட்டாள். சரோஜாவுக்கு அன்றைக்கு இரவு சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில். இத்தனை நாள் கதவிடுக்கில் பார்த்ததையெல்லாம் இப்போது கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கலாம். மறுநாள் காலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டு ஜோதி ஒரு டம்ளர் சர்க்கரை கேட்கிற சாக்கில் வந்தாள்.

“இவரு யாருக்கா, குதிர மேல?”

“ஹைதர் அலி. இன்னும் மூஞ்சி வரல.”

“இந்தப் பச்ச?”

“அவுங்க வெளியூரு” என்றாள் சரோஜா.

மதிவதனி சொன்னது சரிதான். பகலவன் கை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து பல்லவர்களுக்குத் தோல் நிறமும் அவர்கள் குதிரைக் காலுக்குக் காவியும் அடித்து முடித்தான். தட்டில் கொஞ்சம் காவி மீந்துவிட்டது. மீந்த பெயின்டைப் பார்த்தால் அவனுக்கு நெஞ்சை அடைக்கும். அறையில் காவியடிக்கத் தகுந்த உருப்படி ஏதும் இல்லை. ஜன்னல் கொக்கிக்கு அடித்தான். அப்போதும் மீந்தது. மெல்லப் படியிறங்கினான்.

“சரோஜாக்கா, தண்ணி கேன் வந்துச்சா?”

“வந்துச்சு, வெளிய கீது. நீ ஏன் பின்னால கைய மறச்சிக்கினு கீற?”

“ஒண்ணுல்லக்கா. அந்த ஒட்டகத்த ஒரு நிமிசம்…”

“மதி சொல்லிட்டுப் போச்சி. வூட்டுக்காரரு வந்து அழுதாகூட சாவி குடுக்கக் கூடாதுன்னு. நீ அழுதியான்னு வேற கேக்கும், நான் இன்னா சொல்லட்டும்?”

பகலவன் தூரிகையோடு மேலே போனான். சனிக்கிழமை ஓவர்டைமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இந்தத் தெருவில் ஒருவன் சனிக்கிழமை ஓ.டி. வேண்டாம் என்றால் ஒன்று ஜுரம், அல்லது வேறு கம்பெனி பார்க்கிறான். கம்பெனி பஸ் முனையில் இரண்டு தரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கன்னியப்பன் கீழிருந்து அண்ணாந்து, “இன்னா தம்பி, ஒடம்பு சொகம் இல்லியா?” என்று கேட்டார். “போர் அங்கிள்” என்று பதில் வந்தது.

அன்று காலை முழுக்க வேலை ஓடியது. வேட்டிக்கு வெள்ளை. கொண்டைக்குக் கறுப்பு. ஈட்டி முனைக்கு வெள்ளி நிறம். எதிரே வேறு யாரும் இல்லாததால் கை வேறெங்கும் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கண். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவனுக்காகப் புள்ளி வைத்தான். முதல் ஆளுக்குக் கண் வைத்து நிமிர்த்திப் பார்த்தபோது அவன் பகலவனைத் திரும்பிப் பார்த்தான். கொஞ்சம் ஒன்றரைக் கண். ஆனாலும் பார்த்தான். இத்தனை நாள் முதுகு மாதிரியே இருந்த முன்பக்கம் இப்போது முகமாகிவிட்டது.

கடைசியில் கேடயங்கள். அவை போன வருஷமே முடிந்துவிட்டவை. கம்பெனியில் கதவுகளைத் தனியாகத் தொங்கவிட்டு அடிப்பார்களே, அதுபோல் ஒரு நீள ஸ்கேலில் இரண்டு பக்கம் ஒட்டும் டேப்பைப் போட்டு, அதன்மேல் கேடயங்களை வரிசையாக ஒட்டி ஒரே மூச்சில் அடித்தான். தன் பல்லவர்களுக்கும் வனமாமலையின் சாளுக்கியர்களுக்கும் சேர்த்துத்தான். சிவப்பு அடிப்பூச்சு, நடுவில் தங்க நிறத்தில் சின்னம். வாழ்நாளில் அவன் வரைந்ததிலேயே நேர்த்தியான வேலை. வனமாமலை தன் பங்கை அப்போதே வாங்கிக்கொண்டு போய் ஒட்டிவிட்டான். அவன் ஒரே படைக்காரன். கையில் நயம் கிடையாது. எடுத்ததை முடித்துவிட்டுத்தான் தூங்குவான்.

பகலவன் தன் பங்கை எடுத்து, பின்பக்கத்துப் பசையிலேயே கண்ணாக ஒவ்வொன்றாக ஒட்டினான். பல்லவர் படை முடிந்தது.

முதல் ஷிப்ட் முடிந்து மதிவதனி வந்தாள். சரோஜா பின்னாலேயே வந்தாள். கையில் ஒரு கிண்ணத்தில் இரண்டு துண்டு மாங்காய் ஊறுகாய், யாரும் கேட்காதது. வனமாமலையும் தன் சாளுக்கியர்களை அட்டைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு ஏறி வந்துவிட்டான்.

“என்னடே, நெசமாவே முடிச்சிட்டியா? மைனி, இவனுக்குச் சுத்திப் போடுங்க.”

“முடிச்சிட்டாரா இல்லியான்னு நான் பாத்துச் சொல்றேன்” என்றாள் மதிவதனி. பையைக்கூடக் கழற்றவில்லை. பொடியெழுத்துப் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து, ஒரு பல்லவனைத் தூக்கித் திருப்பினாள். முன், பின், பக்கம், அடி. கீழே வைத்தாள். அடுத்தவனைத் தூக்கினாள். பகலவன் பரீட்சைப் பேப்பர் வாங்கப்போகிற பையன் மாதிரி நகத்தைக் கடித்தான்.

“மூஞ்சி கீது. கண்ணு கீது. இவனுக்கு மட்டும் தூக்கம் வருது போல. பரவால்ல, ஓகே.”

“அப்பாடி” என்றான் பகலவன்.

அவள் வனமாமலையின் பெட்டியிலிருந்து ஒரு சாளுக்கியனையும் எடுத்து, பல்லவன் பக்கத்தில் நிறுத்தினாள். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“இவுங்க ரெண்டு பேரும் ஒரே கம்பெனியா?”

“இல்ல மதி. ஜென்ம விரோதி.”

“அப்ப லோகோ ஏன் ஒண்ணா கீது?”

பகலவன் குனிந்தான். சாளுக்கியன் கேடயத்தில் தங்கநிறப் பன்றி. சரி, சாளுக்கியருக்குப் பன்றிதான் சின்னம். பல்லவன் கேடயத்தைப் பார்த்தான். அதிலும் பன்றி. அடுத்தவனிடம் பன்றி. அதற்கடுத்தவனிடம் பன்றி. சேனாபதியிடம் மற்றதைவிடப் பெரிய பன்றி. ஸ்கேலில் வரிசையாக ஒட்டி, தங்க நிறத்தைத் திறந்து, கை மாறாமல், கலர் மாற்றாமல் அடித்துக்கொண்டே போனவன், பாதியில் பன்றியை நிறுத்திக் காளைக்கு மாறவேண்டும் என்பதை மறந்தேபோயிருந்தான்.

“பல்லவருக்குக் காளை” என்றான் ஈனஸ்வரத்தில். “காளை மதி. நந்தி.”

வனமாமலை வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினான். தோள் குலுங்கியது. “நாளைக்கு என் படையும் ஒன் படையும் கட்டிப்பிடிச்சிக்கிடும்டே. சண்டையே வேண்டாம்.”

“சும்மா இருடா!”

“பன்னின்னா இன்னா இப்ப? யாரு பாக்கப் போறாங்க?” என்றாள் சரோஜா, நல்ல எண்ணத்தில்.

“எல்லாரும் பாப்பாங்கக்கா. அங்க கீறவன் ஒவ்வொருத்தனும் அதத்தான் மொதல்ல பாப்பான். மணிமங்கலம் சண்டைய ஆடலாம்னு சொன்னதே நானு. பல்லவன் கையில பன்னியக் குடுத்தா, நான் இத்தினி வருசம் பேசுன பேச்செல்லாம்…” பகலவன் ஒரு பன்றியை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். முழுசாகச் சிவப்பை அடித்து மறைத்து, இரண்டு கோட் காயவிட்டு, புதிதாகக் காளை வரைய நாளைக் காலைக்குள் முடியாது. அந்த நாற்காலி கண்ணெதிரே இன்னொருத்தனுக்குப் போவது அவனுக்குத் தெரிந்தது. கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான். இப்போது அங்கே இடம் இருந்தது.

மதிவதனி ஒரு பல்லவனைக் கையில் வைத்து, கண்ணாடியால் பன்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஸ்க்ராப் பண்ணாத. ரீவொர்க் பண்ணு.”

“எப்டி?”

“இதுவும் நாலு காலு, அதுவும் நாலு காலு. முதுகுல ஒரு திமில் வை. தலைல ரெண்டு கொம்பு வை. மூக்குக்கிட்ட நீட்டிக்கினு கீதே கோரப்பல்லு, அத மட்டும் செவப்பால மூடு. வாலு கொஞ்சம் நீளமா இழு.”

பகலவன் தூரிகையை எடுத்தான். முதல் கேடயத்தில் திமில் வைத்தான். கொம்பு வைத்தான். நால்வரும் குனிந்து பார்த்தார்கள்.

“பன்னி தொப்பி போட்டுக்கினு கீது” என்றாள் சரோஜா.

“கொம்ப வளைச்சு விடுடே. அது மாட்டுக் கொம்பு, ஆண்டெனா இல்ல” என்றான் வனமாமலை.

கொம்பை வளைத்தான். கழுத்துக்குக் கீழே ஒரு மடிப்பு இழுத்தான். பன்றி யோசித்துப் பார்த்துவிட்டுக் காளையாகச் சம்மதித்தது. நன்றாகத் தின்று வளர்ந்த காளை. ஆனால் காளைதான்.

“ஆங்!” என்று எழுந்தான் பகலவன். “எல்லாத்தயும் வரிசையா வை. மொதல்ல எல்லாத்துக்கும் திமிலு, அப்றம் எல்லாத்துக்கும் கொம்பு…”

“கைய எடு” என்றாள் மதிவதனி. “அப்டித்தான இவ்ளோ பன்னி வந்துச்சு? ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. திமிலு, கொம்பு, செவப்பு, வாலு, முடிச்சி என் கையில குடு. நான் ஓகே சொன்னாதான் அடுத்தது வரும்.”

“ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கலரு மாத்தணும் மதி! ஒவ்வொரு வாட்டியும் பிரஷ்ஷு கழுவணும்!”

“கழுவு.”

கழுவினான். தங்கம், கழுவு, சிவப்பு, கழுவு, மறுபடி தங்கம். ஒவ்வொரு தரமும் தண்ணீர்க் கிண்ணத்தில் தூரிகையை ஆட்டும்போது சொந்தக் காசைச் சாக்கடையில் கொட்டுவதுபோல முனகினான். மதிவதனி கண்ணாடியில் பார்த்து, “ஓகே” என்று இந்தப் பக்கம் வைத்தாள். இல்லையென்றால், “கொம்பு ஒண்ணு சின்னதா கீது” என்று திருப்பி வைத்தாள். வனமாமலை ஓகே ஆனவர்களைப் பெட்டியில் நிறுத்தினான். எதிரிப் படையை அடுக்குகிறோமே என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தான், ஆனால் கையை நிறுத்தவில்லை. சரோஜா ஊறுகாய்க் கிண்ணத்தைக் கீழே வைக்கவேயில்லை. நடுவில் அவளைக் கன்னியப்பன் கீழிருந்து காபிக்குக் கூப்பிட்டார். “இருய்யா, இங்க காள மாடு வந்துக்கினு கீது” என்று கத்தினாள்.

பாதி தாண்டியதும் பகலவன் ஒரு விஷயத்தைக் கவனித்தான். முனகல் நின்றுபோயிருந்தது. ஒன்றை முடிப்பது, நிமிர்வது, அது போவதைப் பார்ப்பது, இன்னொன்றை எடுப்பது. இப்படி ஒரு சுகம் இதில் இருப்பது அவனுக்கு இதுவரை தெரியாது. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் மதிவதனி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். கம்பெனி பஸ்கள் சாலையில் போய் ஓய்ந்தபின், விளக்கு போடுகிற நேரத்தில் சேனாபதியும் காளையோடு பெட்டிக்குள் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிக்குள் பழைய சேலையைச் சுருட்டிப் படையைப் படுக்கவைத்து, மதிவதனி மடியில் பிடித்துக்கொள்ள, பகலவன் பைக்கை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினான். நிலா வரும் பஸ்ஸும் தண்டலத்தில்தான் நிற்கும். அங்கேயே அவளைக் கூட்டிக்கொள்வதாக ஏற்பாடு.

ஹாலில் ரகுபதி படையைச் சோதித்தார். வங்கியில் நகையைப் பார்க்கிற பூதக்கண்ணாடி மாதிரி ஒன்று அவர் கையில் இருந்தது. ஒவ்வொருவனையும் எடுத்துக் கண் பார்த்தார், செருப்பு பார்த்தார். அப்புறம் கேடயத்தில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“பகலவன், இது காளைதானே?”

“பல்லவர் காளை சார்.”

“கொஞ்சம் பருமனா இருக்கே.”

“அந்தக் காலத்துல தீவனம் நல்லா இருந்திருக்கும் சார்” என்றாள் மதிவதனி, பகலவன் வாயைத் திறப்பதற்குள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வனமாமலை பன்றியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதற்காகவே அவனுக்குச் சொர்க்கத்தில் இடம் உண்டு. ரகுபதி இன்னொரு தரம் பார்த்தார். பல்லவனை மேஜைமேல் வைத்தார்.

“பாஸ். சேர்ல உக்காருப்பா.”

பகலவன் உட்கார்ந்தான்.

சரித்திரத்தில் மணிமங்கலத்தில் ஜெயித்தது பல்லவர்கள். தண்டலத்தில் அப்படி நடக்கவில்லை. பகலவனின் பகடைகள் அன்று காலையிலிருந்தே படுத்துக்கிடந்தன. வனமாமலையின் யானைகள் இடதுபக்கத்தை மிதித்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளைக்குள் ஏரிக்கரைக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு ஆள் செத்தபோதும் பகலவன் அவனைக் கையில் எடுத்து, ஒரு நிமிஷம் முகத்தைப் பார்த்து, பெட்டியில் படுக்கவைத்தான். தோற்பதற்குக்கூட முழு ஆட்கள் வேண்டுமல்லவா, அது அவனிடம் முதல் தடவையாக இருந்தது. தோற்று முடித்து எழுந்தபோது, ஜெயித்த வனமாமலையைவிட அவன் முகம்தான் பளபளத்தது.

பெட்டியோடு வந்து ஓரத்தில் நின்ற நிலா அக்காவின் காதில் கேட்டாள்: “இவங்கல்லாம் வேலைக்குப் போறவங்களா?”

“போறவங்கதான்டி. பேசாம நில்லு.”

அன்று சாயங்காலம் நிலா அறைக்குள் வந்தாள். ஜன்னலோர மேஜை ஹாலில் பகலவனுக்கு வந்தது. ஷோகேஸ் சாவி சரோஜாவிடமே இருந்தது. ஒரு படை முடிந்து மதிவதனி ஓகே சொன்னால்தான் அடுத்த தட்டு மேலே ஏறும். பகலவன் வெளியில் சலித்துக்கொண்டான். ஆனால் அவ்வருஷம் முடிவதற்குள் ஹைதர் அலிக்கு மூஞ்சி வந்துவிட்டது. நல்ல களையான மூஞ்சி என்று ஜோதி சொன்னாள்.

அப்புறம் நடந்ததையும் சொல்லவேண்டும். வனமாமலை பெயின்ட் கேட்க, டேப் கேட்க என்று இரண்டு தரம் கூடுதலாக மாடியேறியதை வைத்து, நிலாவுக்கும் அவனுக்கும் சரோஜா மனதுக்குள் தேதியே குறித்துவிட்டாள். தெருவில் பாதிப்பேருக்குச் சொல்லியும் விட்டாள். வனமாமலை பொங்கலுக்கு ஊருக்குப் போனான்; இசக்கிசெல்வி என்ற நர்ஸ் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பி வந்தான். கம்பெனி அவன் பிரிவை ஓசூருக்கு மாற்றியதும் மெஷினையும் பெண்டாட்டியையும் ஒரே டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். நிலா தன் ஷிப்ட்டிலேயே மெயின்டனன்ஸில் இருந்த சிவசங்கரைக் கட்டிக்கொண்டாள். செய்யாற்றில் நடந்த கல்யாணத்துக்குத் தெருவே வேன் வைத்துப் போயிற்று. தனக்கு முதலிலேயே தெரியும் என்று சரோஜா வேனில் எல்லோரிடமும் சொன்னாள். இப்போது நிலாவும் சிவசங்கரும் புனேயில் இருக்கிறார்கள். அங்கே தண்ணீர்க் கஷ்டம் இல்லையாம், ஆனால் நல்ல இட்லி மாவு வாங்க இரண்டு பஸ் மாறவேண்டியிருக்கிறதாம்.